ஸ்டூலுக்கு உத்தியோகம்

சேத்தியாத்தோப்புப் பக்கமிருந்து சென்னைக்குப் போகிற சரக்கில் முக்கியமானவை இரண்டு. ஒன்று வீராணம் ஏரித் தண்ணீர். இன்னொன்று, பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் முழிக்கும் பையன்கள். தண்ணீருக்கு 2004இல் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். 200 கிலோமீட்டருக்கு மேல் சொகுசாகப் படுத்தபடியே போய்ச் சேர்கிறது. எங்களுக்குக் கிடைத்தது பண்டிகைக் காலத்து பஸ். விக்கிரவாண்டி வரை ஒரு கால், அதற்கப்புறம் மறு கால் என்று நின்றுகொண்டே போவோம். அது பயணமில்லை, வேலைக்கான பயிற்சி என்பது கடையில் சேர்ந்த பிறகுதான் புரிந்தது.

ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஜவுளிக்கடை அது. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். சென்னையில் சில வருஷம் ஹாஸ்டல் சாம்பாரோடு போராடிவிட்டு, எங்கள் பக்கத்துக் கிளைக்கே மாற்றல் வாங்கி வந்துவிட்டேன். புடவை செக்‌ஷன். ‘சேல்ஸ்மேன்’ என்று சட்டையில் பேட்ஜ் குத்தியிருக்கும். ஆனால் விற்பது எப்போதாவது நடப்பது. நிற்பதுதான் எப்போதும் நடப்பது.

கூட்டம் இருந்தால் கால் இருப்பதே மறந்துபோகும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, நெய்வேலியில் போனஸ் போடும் வாரம், கரும்புப் பணம் கைக்கு வரும் நாட்கள் எல்லாம் ஓடியே கழிந்துவிடும். மற்ற நாட்களில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி என்று ஒன்று வரும். கஸ்டமர் ஒருவரும் இருக்க மாட்டார். அப்போதும் நிற்க வேண்டும். சும்மா நின்றால் சூப்பர்வைசருக்குப் பிடிக்காது. மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடிப்போம். அவர் மேலே கேமராவைக் காட்டுவார். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மடிப்போம்.

கஸ்டமர்களில் இரண்டு வகை. நெய்வேலி டவுன்ஷிப் அக்காக்கள் கணக்காக வருவார்கள். “இதே டிசைன்ல வேற கலர்” என்பார்கள். எடுத்துப் போட்டதும், “இதே கலர்ல வேற டிசைன்” என்பார்கள். நாற்பது புடவை மலையாகக் குவிந்த பிறகு, “சும்மா பார்க்கலாம்னுதான் வந்தோம்” என்று எழுந்து, எதிர்ச் செக்‌ஷனில் ஒரு கர்ச்சீப் எடுப்பார்கள். கிராமத்து ஜனங்கள் குடும்பத்தோடு வேன் பிடித்து வருவார்கள். கல்யாணப் பெண் ஒன்றை எடுப்பாள், அத்தை வேண்டாம் என்பாள், மாமா விலையை மட்டும் பார்ப்பார். இவ்வளவு விவகாரமும் அவர்கள் உட்கார்ந்தபடி நடக்கும். நாங்கள் நின்றபடி சாட்சி சொல்வோம்.

எங்கள் தாத்தா காலத்து ஜவுளிக்கடையில் இப்படி இல்லையாம். வெள்ளை விரித்த மெத்தையில் முதலாளியும் உட்கார்ந்திருப்பார், கடைப் பையனும் உட்கார்ந்திருப்பான், வாங்க வந்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடி ஷோரூம் வந்ததும் மெத்தை போய் கவுன்ட்டர் வந்தது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நாற்காலி, இந்தப் பக்கம் நாங்கள். பழைய மெத்தை இன்னும் மிஞ்சியிருப்பது பட்டுச் செக்‌ஷனில்தான். பட்டு மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் பிரிக்க வரும் போலிருக்கிறது. அதனால் எங்கள் கடையில் பதவி உயர்வு என்றால் சம்பளம் கூடுவது இல்லை; பருத்தியிலிருந்து பட்டுக்குப் போவது.

இந்த நிலைமையில்தான் 2021 செப்டம்பரில் சட்டசபை எங்கள் காலைக் கவனித்தது. மசோதாவைக் கொண்டுவந்தவர் அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன். எங்கள் கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி தொகுதிக்காரர் என்பதில் எனக்குக் கூடுதல் பெருமை. 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலை பார்ப்பவர் எல்லாருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கிடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்று சொல்கிறது அது. கேரளாவில் 2018லேயே இது வந்துவிட்டது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண்ணும் அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பும் கழிப்பறையில் தொடங்கி நாற்காலி வரை போராடி வாங்கியது. இங்கிலாந்து இன்னும் முந்திக்கொண்டது. மூன்று கடைப் பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்று 1899லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நம்மை ஆண்டுகொண்டிருந்த காலத்திலேயே அவர்கள் ஊர்ப் பெண்கள் முறை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

சட்டம் வந்து கொஞ்ச நாளில் எங்கள் செக்‌ஷனுக்கும் ஸ்டூல் வந்தது. நீல நிற பிளாஸ்டிக். சுற்றி நின்று பார்த்தோம். யார் முதலில் உட்காருவது என்பதில் ஒருவருக்கொருவர் அப்படி ஒரு மரியாதை. “வேலை இல்லாதப்ப உக்காரலாம்” என்றார் சூப்பர்வைசர். அடுத்த நொடியே, “ஆனா கடையில வேலை இல்லாத நேரம்னு ஒண்ணு கிடையாது” என்றார். சட்டமும் மீறப்படவில்லை, நாங்களும் உட்காரவில்லை.

ஆனால் ஸ்டூல் சும்மா இருக்கவில்லை. முதல் வாரம் டிபன் டப்பா உட்கார்ந்தது. அடுத்து ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ அட்டை ஏறியது. பிறகு மேல் தட்டுப் புடவையை எடுக்க அதன்மேல் ஏறி நின்றோம். உட்காருவதற்கென்று அரசாங்கம் கொடுத்ததில் இன்னும் ஓரடி உயரமாக நின்ற பெருமை எங்களைச் சேரும். கடைசியில் சேலை கட்டிய பொம்மை ஒன்று கால் உடைந்துபோக, அதை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். 22-ஏ பிரிவின் பலனை எங்கள் கிளையில் முழுசாக அனுபவித்த முதல் ஊழியர் அந்தப் பொம்மைதான். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு நான் டாக்டரிடம் போனபோது, “ரொம்ப நேரம் நிக்காதீங்க” என்றார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். சீட்டில் எழுதிய வரியை அவரே அடித்துவிட்டு, தூங்கும்போது காலுக்குத் தலையணை வைக்கச் சொன்னார்.

போன ஆடியில் ஓர் ஆயா வந்தார். பேத்தி வளைகாப்புக்குப் புடவை. நாலைந்து பிரித்துப் போட்டிருப்பேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்பா, காலு நோவல உனக்கு?”

“பழகிடுச்சி ஆயா.”

“உனக்குப் பழகிடுச்சி, எனக்குப் பழகல. நீ இப்படி நெட்டுக்குத்தலா நிக்கறதப் பாத்தா, என்ன எப்ப வெளிய அனுப்பலாம்னு நிக்கறாப்ல இருக்கு. அந்தப் பொம்மைய எறக்கிட்டு உக்காரு.”

பொம்மையை இறக்கினேன். உட்கார்ந்தேன். அடுத்த நிமிஷம் சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்தார். “என்னப்பா இது?” என்று அவர் ஆரம்பிக்கும் முன்பே, “நாந்தான் உக்காரச் சொன்னேன். ஏன், ஸ்டூல விக்கறதுக்கா வச்சிருக்கீங்க?” என்றார் ஆயா. சூப்பர்வைசர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே சிரிப்பைச் சிரித்துவிட்டு நகர்ந்தார். ஆயா ஆற அமரப் பார்த்து, பேத்திக்கு, மகளுக்கு, சம்பந்திக்கு என்று எடுத்தார். அன்றைக்கு எங்கள் செக்‌ஷனில் பெரிய பில் அதுதான்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. சட்டத்தை எடுத்துப் பேசும் தைரியம் எங்களுக்கு இல்லை. கஸ்டமரை மறுத்துப் பேசும் தைரியம் சூப்பர்வைசருக்கு இல்லை. சட்டசபை கொடுத்த உரிமை எங்கள் கைக்கு வர வேண்டுமானால், அது உங்கள் வாய் வழியாகத்தான் வர வேண்டும்.

எனவே அடுத்த முறை எந்தக் கடைக்குப் போனாலும், “உட்கார்ந்து காட்டுங்க தம்பி” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒன்றும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. சும்மா பார்க்க வருகிறவர்களும் இதைச் சொல்லலாம். நீங்கள் போன பிறகு, அந்த நாற்பது புடவையையும் உட்கார்ந்தே மடித்துக்கொள்கிறோம்.