பாட்டன் வீட்டுக்கு டிக்கெட்

கேள்வி: செக் நாட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பிராக் நகரத்தையே படம் பிடித்துப் போடுகிறார்களே, அங்கே வேறு ஊரே இல்லையா?

பதில்: ஏன் இல்லை? யாகிமோவ் இருக்கிறது. ஜெர்மனி எல்லை மலைகளுக்கு நடுவே, மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர்.

1516-ல் வெள்ளி அகப்பட்டதும் ஷ்லிக் பிரபுக்கள் அங்கே ஊரை எழுப்பி, நாணயமும் அடித்தார்கள். 'தாலர்' எனப் புழங்கிய அந்தக் காசுதான் டாலருக்குப் பாட்டன். பேரன் உலகை ஆட்டிப் படைக்கிறான். பாட்டன் பிறந்த நாணயச் சாலையோ டிக்கெட் வாங்கிப் பார்க்கும் அருங்காட்சியகம்.

வெள்ளி குறைந்த பிறகு கறுப்புத் தாதுவுக்கு மவுசு. அதிலிருந்து யுரேனியத்தை எடுத்துக் கண்ணாடிக்கு நிறமேற்றிவிட்டு, சக்கையைப் பைன் காட்டில் கொட்டினார்கள். ஊசியிலைகள் ஒட்டிய அந்தப் பழுப்பு மண் மூட்டை மூட்டையாகப் பாரிஸில் மேரி கியூரியின் கொட்டகைக்குப் போனது. டன் கணக்கில் காய்ச்சி 1902-ல் அவர் பிரித்தெடுத்தது சுமார் 0.1 கிராம் ரேடியம் குளோரைடு!

குப்பைக்கு வந்த வாழ்வைப் பார்த்த ஊர் சும்மா இருக்குமா? 1906-ல் கதிரியக்க நீர்க் குளியல் சிகிச்சை தொடங்கியது. 1912-ல் 'ரேடியம் பேலஸ்' ஓட்டல் எழுந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த கம்யூனிச ஆட்சியின் கணக்கு வேறு. அரசியல் கைதிகளை முகாம்களில் அடைத்து, சோவியத் யூனியனுக்காக யுரேனியம் வெட்ட வைத்தது.

16-ஆம் நூற்றாண்டில் தோண்டிய ஸ்வோர்னோஸ்ட் சுரங்கம் இன்றும் ஓய்வு பெறவில்லை. வீட்டுக்குள் ரேடான் என்ற கதிரியக்க வாயு வந்தால் ஜன்னலைத் திறக்கச் சொல்வார்கள்; இங்கே சுரங்கத்திலிருந்து ரேடான் நீரை இறைத்துத் தொட்டியில் நிரப்ப, மூட்டுவலிக்காரர்கள் காசு கொடுத்து இறங்குகிறார்கள்.