மிட்டாய் நாணயவியல்: பண்ணைப்புரம் கடைத்தெருவை முன்வைத்து

போர்க்காலச் சில்லறைத் தட்டுப்பாடு பற்றி அறிஞர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜனங்கள் காசைப் பதுக்க, கடைக்காரர்களே செம்பு வில்லை அடித்துப் புழங்கவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் மோர்வி, ஜுனாகத் சமஸ்தானங்கள் அட்டையில் காசு போட்டன. பிரிட்டிஷ் அரசு செம்பை மிச்சம் பிடிக்க 1943இல் ஓட்டைக் காலணாவை இறக்கியது. இவையெல்லாம் ஆல்பம் ஏறிவிட்டன. பண்ணைப்புரம் மளிகைக்கடையில் மீதிக்குப் பதிலாகத் தரப்படும் மிட்டாயை மட்டும் எந்தச் சேகரிப்பாளரும் சீண்டவில்லை.

முதலில் சட்டம். தனியார் உலோக வில்லை அடிப்பதை 1889ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது; 2011 நாணயச் சட்டத்திலும் அந்தத் தடை உண்டு. 'கொண்டு வருபவருக்குப் பணம்' என்று தாளில் எழுதிக் கொடுப்பதை 1934 ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தடுக்கிறது. சர்க்கரைப் பாகு பற்றி எந்தச் சட்டமும் வாய் திறக்கவில்லை. நம் கடைக்காரர் சட்டம் படித்தவரல்லர். ஆனாலும் சரியான ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கிறார்.

இனி முக்கியமான பண்பு: இந்நாணயம் ஒருவழிப் பாதை. களஆய்வில் கண்டது இது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐந்து மிட்டாயை அவிழ்த்து வைத்து ஓர் அப்பத்தா சீயக்காய்ப் பாக்கெட் கேட்டார்.

"மிட்டாய்க்கெல்லாம் சாமான் தர முடியாது அப்பத்தா."

"ஏன்டாப்பா, நீ குடுத்ததுதானடா?"

"குடுக்கலாம். வாங்க மாட்டோம்."

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் நியூயார்க் மதுக்கடைக்காரர் லிண்டன்முல்லர் பத்து லட்சம் வில்லை வெளியிட்டார். டிராம் கம்பெனி மூட்டையாகக் கொண்டுவந்து பணம் கேட்டபோது சிரித்தாராம். நம்மவர் சிரிக்கக்கூட இல்லை. அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்கப் போய்விட்டார்.

இதே கல்லாவில் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் "செல்லாதுங்க". 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே சொல்லியாயிற்று. அரசின் முத்திரைக்கு இல்லாத மதிப்பு ஆரஞ்சு மிட்டாய்க்கு இருப்பது பொருளாதார வல்லுநர்களின் தனிக் கவனத்துக்குரியது.

சேகரிப்போர் அவசரப்பட வேண்டும். போனில் ஸ்கேன் செய்தால் பதினெட்டு ரூபாய்க்குப் பதினெட்டுதான் போகிறது. மிட்டாய் பிறக்க வழியில்லை. கிடைப்பதும் சித்திரை வெயிலில் காகிதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, மிச்சத்தை எறும்பு பார்த்துக்கொள்கிறது. இவ்வாய்வாளரின் தொகுப்பில் தற்போது வெறும் காகிதங்களே உள்ளன. மூன்றாம் வகுப்பு படிக்கும் உதவி ஆய்வாளர் விசாரணையில் இருக்கிறார்.