அப்பாயிக்கு ஐந்து பேர், அம்மாவுக்கு ஒருவர்

1983-இல் மன்னார்குடி வீட்டில் அப்பாயி பக்கவாதத்தில் விழுந்தபோது, பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அம்மா, பெரியம்மா, இரண்டு அத்தைகள், பக்கத்து வீட்டு ஆயா என்று எந்நேரமும் யாராவது கட்டிலருகே இருந்தார்கள். எப்படிப் பார்ப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மருமகள், மகள் என்றால் தானாகத் தெரியும் என்பது ஊர் நம்பிக்கை.

மல்லாக்கப் படுத்திருந்த அப்பாயியின் தலையைச் சற்றுத் தூக்கிப் பாலாடையால் கஞ்சி புகட்டுவார்கள். புரையேறும். உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்க" என்பார்கள். இடுப்புக்குக் கீழே புண் வந்தது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்துப் பார்த்தார்கள், ஆறவில்லை. கடைசியில் நெஞ்சில் சளி கட்டி அப்பாயி போய்ச்சேர்ந்தார். அந்த மாதங்களில் அம்மா ஒரு இரவுகூட முழுசாகத் தூங்கியதில்லை. அன்பில் எந்தக் குறையும் இல்லை.

இப்போது அம்மாவுக்கும் அதே நோய், வலது பக்கம். திருச்சியில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்பவர், ஏஜென்சி மூலம் வந்த பெரம்பலூர்ப் பக்கத்துப் பெண். பத்தாவது முடித்து, வீட்டு நோயாளிப் பராமரிப்பில் சான்றிதழ் வாங்கியவர்.

அவர் சாப்பாடு கொடுப்பதைப் பார்க்க வேண்டும். அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, இடது வாயோரமாக அரை ஸ்பூன் கஞ்சி. தொண்டை அசைந்ததா என்று பார்க்கிறார். "பாட்டி, ஆ காட்டுங்க" என்று வாயைத் திறக்கச் சொல்லி, வலது கன்னத்துக்குள் எதுவும் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகுதான் அடுத்த அரை ஸ்பூன். ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். முடிந்த பிறகும் அரை மணி நேரம் படுக்க விடமாட்டார். உணவு மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நுரையீரலில் நிமோனியா வரும் என்று எங்களுக்கு விளக்கியதும் அவர்தான்.

அத்தை வந்திருந்தபோது இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்களுக்கு அப்ப யாரும் சொல்லலையேம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதுகிறார். முதுகில் இன்றுவரை புண் இல்லை. உறவினர்கள் பாசத்தில் கையைப் பிடித்துத் தூக்கப் போனால், "வலது கையைப் பிடிச்சு இழுக்காதீங்க சார், தோள் நழுவிடும்" என்று தடுத்துவிடுகிறார். பிபி ஏறியிருந்தால் எங்களிடம் சொல்வார். மாத்திரையைத் தானாகக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார், ஊசி போடமாட்டார். தன் வேலை எதுவரை என்று தெரிந்திருப்பதையும் நான் தகுதியாகவே மதிக்கிறேன்.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் சார்ந்த நிறுவனங்களில் இந்த வேலைக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும், அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையில் செய்முறை. வேலைக்குச் சேர்ந்த பின்னும் ஆண்டுதோறும் 12 மணி நேரம் கற்க வேண்டும். இங்கேயும் ஹெல்த்கேர் செக்டர் ஸ்கில் கவுன்சில் பாடத்திட்டம் வகுத்திருக்கிறது. ஆனால் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கும் வீடுகள் குறைவு. எங்களுக்கு முதலில் அனுப்பப்பட்டவர், அதற்கு முந்தின வாரம்வரை ஜவுளிக்கடையில் நின்றவர். அவர்மேல் தப்பில்லை, பயிற்சி தராமல் அனுப்பியவர்கள்மேல்தான் கோபம். 2021-இல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபின் இயன்முறை மருத்துவம் வீடு தேடி வருகிறது. ஆனால் நாள் முழுக்கக் கூடவே இருந்து பார்ப்பவரின் பயிற்சி, கூலி, ஓய்வு எல்லாம் இன்னும் ஏஜென்சியின் கையில்தான்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை, முன்பு வேலை பார்த்த வீட்டில் பாத்திரம் துலக்கி, தரையும் துடைக்கச் சொன்னார்களாம். டீ குடிக்கத் தனி டம்ளர். இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஆச்சரியமே இல்லை, அதுதான் என்னை உறுத்தியது. அம்மாவின் மலத்தையும் சிறுநீரையும் முகம் சுளிக்காமல் துடைத்தெடுக்கும் கைக்குத் தனி டம்ளர் கொடுப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் என்னென்ன வேலை என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை, சம்பளம் பிடிப்பதில்லை. அன்று நானும் தம்பியும் அவரிடம் கற்றுக்கொண்டபடி அம்மாவைப் புரட்டி, ஊட்டிப் பார்த்துக்கொள்கிறோம். ஏஜென்சிக்காரருக்கு இதில் வருத்தம். மற்ற பெண்களும் ஞாயிறு கேட்க ஆரம்பித்துவிடுவார்களாம். கேட்கட்டும் என்றுதான் அவரிடம் சொன்னேன்.