சூடு போட்டது யார்: ஓர் ஆய்வு

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்னும் பழமொழி, பூனைக் குலத்தின் மீது காலங்காலமாகச் சுமத்தப்பட்டுவரும் அவதூறு என்பதே இவ்வாய்வின் கருதுகோள். புலி உண்மை, சூடும் உண்மை. சூட்டுக்கோலைப் பிடித்த கைதான் வேறு.

முதன்மைச் சான்று, டாய்கர். பொம்மைப் புலி என்று பொருள்படப் பெயர் சூட்டி, கலிபோர்னியாவில் 1980களில் ஜூடி சக்டென் உருவாக்கத் தொடங்கிய வீட்டுப் பூனை இனம். புலியின் ரத்தம் ஒரு சொட்டும் கிடையாது. உடம்பில் வரி வருவது பெரிய காரியமல்ல. தெருவில் திரியும் பூனைகள் பலவற்றுக்கு அது பிறவிச் சொத்து. சிக்கலெல்லாம் தலையில்தான். வரிப்பூனை எதைப் பிடித்துப் பார்த்தாலும் நெற்றியில் ஆங்கில ‘எம்’ எழுத்து தெரியும். அங்கிருந்து கோடுகள் பிடரியை நோக்கி ஓடும். புலிக்கோ கோடுகள் முகத்தைச் சுற்றி வளையும். ஒரு பூனையின் நெற்றிப்பொட்டில் இரண்டு புள்ளிகளைக் கண்டதும், வளைய வைக்கலாம் என்று ஜூடிக்கு நம்பிக்கை பிறந்தது. (ஆய்வாளர் சாதியே இப்படித்தான், இரண்டு புள்ளி கிடைத்தால் கோலம் போட்டுவிடுவோம்.)

அடுத்த புள்ளிகள் காஷ்மீரத் தெருவில் கிடைத்தன. காதுகளுக்கு நடுவே கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்திருந்த ஜம்மு ப்ளூ என்னும் பூனை 1993இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அதன் சம்மதம் பெறப்பட்டதற்கான ஆவணம் எதுவும் இவ்வாய்வாளர் பார்வைக்கு வரவில்லை.

இது குடும்பத் தொழில் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். ஜூடியின் தாயார் ஜீன் மில், காட்டில் வாழும் சிறுத்தைப்பூனையை வீட்டுப்பூனையோடு சேர்த்துப் பெங்கால் பூனையை வளர்த்தெடுத்தவர். அவரும் டெல்லி உயிரியல் பூங்காவில் திரிந்த புள்ளிப்பூனை ஒன்றைக் கடல் கடத்தியவரே. ஆக, காட்டுத் தோற்றம் வேண்டி இரண்டு தலைமுறையாக நாடிய இடம் நம்மூர்த் தெருப்பூனை!

டிக்கா என்னும் பன்னாட்டுப் பூனைச் சங்கம் 2007இல் டாய்கருக்குப் போட்டித் தகுதி வழங்கியது. தாழ்ந்து நீண்ட உடல், தோள் அசைய நடக்கும் நடை எல்லாம் ஏறக்குறைய கைகூடிவிட்டன. காதை இன்னும் உருண்டையாக்கப் பார்க்கிறார்கள். கண்மணிதான் வழிக்கு வரவில்லை. புலிக்கு அது வெயிலிலும் வட்டமாகவே சுருங்கும். டாய்கருக்கு மெல்லிய கீற்றாகிவிடுகிறது. எலிகள் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.