பாட்டுக்கு விலையா?

2009 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் கடையில் ஹிட் பாட்டுகளின் விலையை 99 சென்டிலிருந்து 1.29 டாலராக ஏற்றியது. வாங்கலாமா, விடலாமா என்று அமெரிக்கர்கள் யோசித்தார்கள். அருப்புக்கோட்டையில் அந்தக் கவலையே இல்லை. செல்போன் கடையில் மெமரி கார்டை நீட்டி, “அண்ணே, இளையராஜா முழுசா ஏத்திருங்க” என்றால் முடிந்தது. இங்கே பாட்டுக் கணக்கில்லை, ஜிபி கணக்குதான். 2012 டிசம்பரில் ஐட்யூன்ஸ் இந்தியாவுக்கே வந்து, பாட்டு 12, 15 ரூபாய் என்றது. அதற்கு விசைத்தறிச் சத்தமே தேவலை என்றது ஊர். திருச்சுழிப் பக்கம் காதுகுத்து வீட்டு மைக்செட் இலவசமாகவே வழங்கியது, வேண்டாம் என்றவர்களுக்கும் சேர்த்து.

ஆனால் கஞ்சத்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. காலர்டியூனுக்கு மாதம் 30 ரூபாய் அழுதவர்களும் இவர்களே. அந்தப் பாட்டு காசு கட்டியவர் காதில் விழாது. கடனைக் கேட்டுக் கூப்பிடுகிறவர்தான் முழுசாகக் கேட்பார்.