கொப்பரைக்கு எட்டாத சூடு

சென்னையின் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் பெருகிவரும் தரவு மையங்கள், அதாவது ஊரார் படங்களையும் வங்கிக் கணக்குகளையும் காக்கும் கணினிக் கிடங்குகள், வாங்கும் மின்சாரத்தை ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக்கி, அதை வெளியேற்ற மேலும் மின்சாரம் வாங்கி, சித்திரை வெயிலுக்குக் கைகொடுக்கின்றன. பின்லாந்தின் மான்ட்சாலாவில் இத்தகைய கழிவு வெப்பம் குழாய்வழியே வீடுகளுக்கு விற்கப்படுகிறது. சென்னையில் வீட்டுக்குள் வெப்பம் வேண்டுமெனக் காசு கொடுப்பார் எவருமில்லை. கேட்பார் உள்ள இடம், கொப்பரை உலர்த்தும் களங்கள் உள்ள வெள்ளகோவில்: ஐப்பசி மழையில் தார்ப்பாய்க்கு அடியில் கொப்பரை பூஞ்சை பிடிக்க, களத்துக்காரர் வானத்தைப் பார்த்து நிற்கிறார். தரவு மையங்கள் காற்றால் குளிர்விப்பதை விட்டு, கணினிச் சில்லுகளின் மேலேயே திரவத்தை ஓட்டி வெப்பத்தை உறிஞ்சும் முறைக்கு மாறினால் கொப்பரை உலர்த்தும் அளவுக்கு வெந்நீர் கிடைக்கக்கூடும். ஆனால் சூடு சென்னையிலிருந்து நானூறு சொச்சம் கிலோமீட்டர் பேருந்தேறி வராது என்பதால் மையத்தையே களத்துக்கு அருகே அழைக்க வேண்டும்; அவ்வழைப்பிதழில் ‘மழைக்காலத்தில் மட்டும் மும்முரமாகக் கணக்கிடவும்’ என்றொரு வரி சேர்ப்பது நலம்.