டாரஸுக்கு வழிவிடுங்கள்

தூத்துக்குடி மாவட்டம் ஏரல் கடைவீதிக்குள் டாரஸ் லாரி நுழைந்தால் மனிதர், மாடு, டிவிஎஸ் 50 எல்லாம் ஒதுங்கி மரியாதை செய்யும். செய்துதான் ஆக வேண்டும்; முழுச் சுமையோடு வரும் லாரி பிரேக் போட்ட இடத்திலா நிற்கிறது?

சாலையால் அப்படி ஒதுங்க முடியாது. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் லாரிகளை ஓயாமல் ஓடவிட்டுக் கண்டறிந்த கணக்கு ஒன்று உண்டு: அச்சின் எடை 2 மடங்கானால் சாலைச் சேதம் சுமார் 16 மடங்கு. அந்தக் கணக்கில் 10 டன் அச்சு ஒன்று, அரை டன் அச்சைவிட 1,60,000 மடங்கு சேதம் செய்யும். இதையெல்லாம் நன்கு யோசித்துத்தானோ என்னவோ, 2018 ஜூலையில் மத்திய அரசு நாலு டயர் ஒற்றை அச்சின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. எடை கூடியது 13 சதவீதம். சேதம் 60 சதவீதம். வாடகை லாரிக்கு, பள்ளம் நமக்கு.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலை அடித்துப்போனது. பழி தாமிரபரணிக்கு. அந்த ஆற்றின் மணலே லாரி லாரியாகப் போனதும், அதை நிறுத்த கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு 2010இல் நீதிமன்றம் ஏறித் தடை வாங்கியதும் பழைய கதையாகிவிட்டது.

சேர்மனாக இருந்தவரையே அருணாசல சுவாமியாகக் கும்பிடும் ஊர் இது. ஆடி அமாவாசைக்கு வருகிறவர்கள் வேண்டுதலில் ஓர் எடைமேடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிக பாரத்துக்குச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000. வசூலிக்க லாரியை முதலில் எடை போட வேண்டும்.